கைக்குள் வைக்கும் ஆறு மாத மருந்து (புப்ரெனார்ஃபின் இம்ப்ளாண்ட்): தம்பிக்குக் கிடைக்குமா?

காவிரிக்கரை (ஒஹாயோ), 11 பிப்ரவரி 2024

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை வாசித்துவிட்டுப் போய்விடுவேன். இப்போதுதான் முதல் முறையாக எழுதுகிறேன்.

என் தம்பிக்கு 29 வயது. மேல்படிப்புக்கு இங்கே வந்தவன். கூடைப்பந்து ஆடும்போது முழங்காலில் ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் ஆனது. வலிக்கு ஆக்சிகோடோன் கொடுத்தார்கள். கால் சரியாகிவிட்டது, மாத்திரையை விட முடியவில்லை. டாக்டர் எழுதிக் கொடுப்பதை நிறுத்தியதும் வெளியில் வாங்க ஆரம்பித்தான். ஆக்சிகோடோன் என்று சொல்லி விற்ற நீல மாத்திரைக்குள் இருந்தது ஃபெண்டனில், அதைவிடப் பல மடங்கு வீரியமான சரக்கு. 2022 டிசம்பரில் ஒரு இரவு, குளியலறைத் தரையில் உதடு நீலம் பாரித்துக் கிடந்தவனை நான்தான் பார்த்தேன். ஆம்புலன்ஸில் வந்தவர்கள் மூக்கில் நலாக்சோன் அடித்துப் பிழைக்க வைத்தார்கள்.

அப்புறம் அந்தப் பழக்கத்திலிருந்து மீள்வதற்கு, நாக்குக்கு அடியில் வைக்கும் புப்ரெனார்ஃபின்-நலாக்சோன் ஃபிலிம் ஆரம்பித்தார்கள். இப்போது நாளைக்கு 8 மி.கி. 14 மாதமாக வேறு எதையும் தொடவில்லை. வேலைக்குப் போகிறான், சிரிக்கிறான், சமைக்கிறான்.

ஜூனில் அப்பாவுக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். ஐந்து வாரம் ஊரில் இருக்க வேண்டும். இவனுக்கோ ஃபிலிம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் தருகிறார்கள். கும்பகோணத்தில் ஒரு கூடம், இரண்டு அறை, அதில் பதினைந்து பேர் தங்குவார்கள். காலையில் எழுந்ததும் பத்து நிமிடம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பவனிடம் யாராவது கேட்காமல் இருப்பார்களா? அப்பா அம்மாவுக்கு இன்னும் எதுவும் தெரியாது. "நீ மட்டும் போய்விட்டு வா அக்கா" என்கிறான். எனக்கு மனசு கேட்கவில்லை.

மேல்கையில் தோலுக்கு அடியில் சின்னச் சின்னக் குச்சி வைத்தால் ஆறு மாதம் மருந்து தானாக இறங்கிக்கொண்டே இருக்கும் என்று படித்தேன். யாராவது வைத்திருக்கிறீர்களா? எங்கே கிடைக்கும்?

---

எழில்_எம்டி (பென்சில்வேனியா), 11 பிப்ரவரி

காவிரிக்கரை, 14 மாதம் பெரிய விஷயம். நான் சொன்னதாக உங்கள் தம்பியிடம் சொல்லுங்கள்.

நீங்கள் படித்தது புரோபுஃபைன் என்ற மருந்தைப் பற்றி. 2016 மே மாதம் எஃப்.டி.ஏ. (அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை) அனுமதித்தது. ஆனால் இப்போது இங்கே கிடைக்காது. 2020 கடைசியில் கம்பெனியே அமெரிக்காவில் விற்பனையை நிறுத்திவிட்டது. பழைய கட்டுரைகள் இணையத்தில் அப்படியே கிடப்பதால் மாதம் ஒருவராவது என்னிடம் வந்து இதைக் கேட்கிறார்கள். இல்லை என்று சொல்ல ஒவ்வொரு முறையும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஏனென்றால் மருந்து வேலை செய்யவில்லை என்பதற்காக அது நிற்கவில்லை.

அனுமதிக்கு அடிப்படையான ஆய்வு 177 பேரிடம் நடந்தது. எல்லோரும் உங்கள் தம்பி மாதிரி, 8 மி.கி. அல்லது அதற்குக் கீழே நிலையாக இருந்தவர்கள். ஆறு மாதம் முழுக்க வெளி ஓபியாய்டு (ஆக்சிகோடோன், ஃபெண்டனில், ஹெராயின் வகை) எதையும் தொடாதவர்கள் இம்ப்ளாண்ட் பக்கம் 85.7 சதவீதம், நாக்கடி மருந்து பக்கம் 71.9 சதவீதம். இரண்டிலும் மருந்து அதே புப்ரெனார்ஃபின்தான். தினமும் நினைவு வைத்து எடுக்கும் வேலை மட்டும் ஒரு பக்கம் இல்லை.

அது நின்றதற்குக் காரணங்கள் வேறு. வைக்கவும் எடுக்கவும் தனிப் பயிற்சி எடுத்துச் சான்றிதழ் வாங்கிய மருத்துவர்தான் வேண்டும். மனநல மருத்துவர்கள் பலர் வருடக்கணக்கில் கத்தியைக் கையில் எடுக்காதவர்கள். விலை ஆறு மாதத்துக்கு ஐயாயிரம் டாலரைத் தொட்டது. 8 மி.கி.க்கு மேல் தேவைப்படுபவர்களுக்குப் பயன்படாது, ஃபெண்டனில் வந்த பிறகு நோயாளிகளில் பெரும்பாலோருக்கு அதற்கு மேல்தான் தேவைப்படுகிறது. இதெல்லாம் போக, ஒரு கைக்கு ஒரு தடவைதான். இரண்டு கையும் முடிந்தால் ஒரு வருடம். அதற்குப் பிறகு மறுபடியும் நாக்கடி மருந்துக்கே திரும்ப வேண்டும்.

ஆனால் உங்கள் பிரச்சினைக்கு வேறு வழி இருக்கிறது. மாதம் ஒரு ஊசி. மாலையில் விரிவாக எழுதுகிறேன்.

---

நான்கு_குச்சி (டென்னசி), 12 பிப்ரவரி

காவிரிக்கரை அக்கா, நான் வைத்திருந்தேன். 2018-இல் இடது கை, 2019-இல் வலது கை. தமிழில் இதை எழுத ஒரு இடம் கிடைக்கும் என்று நினைக்கவே இல்லை.

வைப்பது ஒன்றும் பெரிதில்லை. படுக்க வைத்து, கையைத் தலைக்கு மேல் மடக்கி, மேல்கையின் உள்பக்கம் பேனாவால் கோடு போட்டார்கள். மரப்பு ஊசி எரிந்தது, அவ்வளவுதான். அரிசி நீளம்கூட இல்லாத ஒரு கீறல். அது வழியாக ஒரு குழாயை விட்டு, விசிறி விரித்தது போல நான்கு குச்சிகளை வரிசையாக வைத்தார்கள். ஊதுபத்திக் குச்சியை ஒரு அங்குலத்துக்கு நறுக்கினால் எப்படி இருக்கும், அந்த அளவு. தையல்கூட இல்லை, பிளாஸ்திரி ஒட்டி மேலே இறுக்கமாகக் கட்டு. ஒரு வாரம் ஊதா நிறத்தில் கன்னிப் போயிருந்தது.

மருந்தைத் தொடங்கியவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு காலையும் ஒரு முடிவு. ஃபிலிம் உறையைக் கிழிக்கும்போதே "நான் யார்" என்று ஞாபகம் வந்துவிடும். "இன்று ஒரு நாள் விட்டால் என்ன" என்ற குரலும் அதே நேரத்தில்தான் வரும். நான் முன்னால் மூன்று முறை வழுக்கி விழுந்ததும் அப்படித்தான். ஃபிலிமை மிச்சம் பிடித்து, இரண்டு நாள் விட்டு, மூன்றாம் நாள் வேறு எதையோ எடுத்து.

குச்சி வைத்த பிறகு அந்தக் குரலுக்கு வேலை இல்லை. நான் நினைத்தாலும் அதை விட முடியாது. மூன்றாவது வாரம் ஒரு சனிக்கிழமை, மதியம் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, காலையிலிருந்து ஒரு தடவைகூட மருந்தைப் பற்றி நினைக்கவில்லை என்று. தட்டை வைத்துவிட்டு அழுதேன். என் மனைவி பயந்துபோய் ஓடி வந்தாள்.

எடுப்பதுதான் கஷ்டம். ஆறு மாதம் முடிவதற்குள் வைத்த கிளினிக் மூடிவிட்டார்கள். எடுக்கவும் சான்றிதழ் வேண்டும் அல்லவா? காரில் மூன்று மணி நேர தூரத்தில் ஒருவர் கிடைத்தார். மூன்று குச்சி சுலபமாக வந்துவிட்டன. நான்காவது ஆழத்தில் போய்விட்டது. அவர் விரலால் அழுத்தித் தேடுகிறார், நானும் விரல் வைத்துக் காட்டுகிறேன். கடைசியில் ஸ்கேன் செய்து இடம் பார்த்து, அடுத்த வாரம் வரச் சொல்லி எடுத்தார்கள். பாதியில் உடைந்து இரண்டு துண்டாக வந்தது. தழும்பு இன்னும் இருக்கிறது.

அப்படியும் வலது கையை நீட்டினேன். அந்த ஒரு வருடத்துக்காக இன்னும் நான்கு தழும்பு என்றாலும் சம்மதம்.

என் வருத்தம் வேறு. ஒரு வருடம் ஆனதும் "உங்களுக்கு இரண்டு கையும் முடிந்துவிட்டது" என்று சொல்லி ஃபிலிம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பன்னிரண்டு மாதம் மறந்திருந்த முடிவு ஒரே காலையில் திரும்பி வந்தது. நான்கு மாதத்தில் விழுந்தேன். உயிரோடு இருப்பது என் அண்ணன் மகன் அன்றைக்கு வீட்டுக்கு வந்ததால். இப்போது மாத ஊசியில் இருக்கிறேன், மூன்று வருடம் ஆகிறது.

---

எழில்_எம்டி, 12 பிப்ரவரி

நான்கு_குச்சி எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நன்றி.

ஊசி விஷயம். சப்லோகேட் 2017 நவம்பரில் அனுமதி பெற்றது. வயிற்றுத் தோலுக்கு அடியில் திரவமாகப் போகும், உடல் ஈரம் பட்டதும் உள்ளேயே கட்டியாகிவிடும். அந்தக் கட்டியிலிருந்து மருந்து மாதம் முழுக்கக் கசியும். முதல் இரண்டு மாதம் 300 மி.கி., அப்புறம் வழக்கமாக 100. இரண்டாவது பிரிக்ஸாடி, போன வருடம் அனுமதி பெற்றது. அதில் வார ஊசியும் உண்டு, மாத ஊசியும் உண்டு. ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டியதில்லை.

உங்கள் பயணத்துக்கு முக்கியமானது இது: சப்லோகேட்டில் எப்போதாவது ஒரு ஊசி இரண்டு வாரம் வரை தள்ளிப்போனால் பெரிய பாதிப்பு வராது என்று மருந்துக் குறிப்பிலேயே இருக்கிறது. நான்கு வாரமும் இரண்டு வாரமும் சேர்ந்தால் ஆறு. பயணத்துக்கு முந்தைய வாரம் போட்டுக்கொண்டால் பையில் எதுவும் எடுத்துப்போக வேண்டாம். சுங்கத்தில் விளக்கம் சொல்ல வேண்டாம். இப்போதே ஆரம்பித்தால் ஜூனுக்குள் மூன்று ஊசி ஆகியிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. இதை வீட்டுக்கு எடுத்துவந்து யாரும் போட்டுக்கொள்ளக் கூடாது. ரத்தக் குழாயில் போனால் அங்கேயே கட்டியாகி உயிரை எடுத்துவிடும். அதனால்தான் கிளினிக்கில் மட்டும் போடுகிறார்கள்.

---

தெளிவான_நீர் (நியூஜெர்சி), 13 பிப்ரவரி

ஒரு தகப்பனாக எழுதுகிறேன். யாரையும் புண்படுத்த இல்லை. புப்ரெனார்ஃபினும் ஓபியாய்டுதானே? ஒன்றை விட்டு இன்னொன்றில் எத்தனை காலம்? என் மகன் நால்ட்ரெக்சோன் மாத ஊசியில் (விவிட்ரால்) நான்கு வருடம் நன்றாக இருக்கிறான். அது போதையே தராது, மூளையில் கதவை அடைத்துவிடும், ஓபியாய்டு எடுத்தாலும் ஏறாது. ரஷ்யாவில் இதையே தோலுக்கு அடியில் வைக்கும் இம்ப்ளாண்டாகக் கொடுக்கிறார்கள், ஆய்வும் வந்திருக்கிறது. காவிரிக்கரை இதையும் யோசிக்கலாமே.

---

எழில்_எம்டி, 13 பிப்ரவரி

ஐயா, உங்கள் மகனைப் பற்றிக் கேட்க உண்மையிலேயே சந்தோஷம். நால்ட்ரெக்சோனில் நன்றாக இருப்பவர்கள் என்னிடமும் இருக்கிறார்கள்.

ரஷ்ய ஆய்வு நடந்தது உண்மை. 306 பேர், 2012-இல் வெளிவந்தது. இம்ப்ளாண்ட் வைத்தவர்கள் நால்ட்ரெக்சோன் மாத்திரை எடுத்தவர்களைவிட நன்றாகத் தாக்குப் பிடித்தார்கள். ஆனால் அந்த நாட்டில் மெத்தடோன் (இன்னொரு மாற்று மருந்து), புப்ரெனார்ஃபின் இரண்டுமே சிகிச்சைக்குத் தடை. நோயாளிக்கு வேறு வழி வைக்கவில்லை என்பதையும் சேர்த்துத்தான் அந்த முடிவைப் பார்க்க வேண்டும்.

நால்ட்ரெக்சோனில் கஷ்டம் வாசலிலேயே இருக்கிறது. தொடங்குவதற்கு முன் 7 முதல் 10 நாள் எந்த ஓபியாய்டும் உடம்பில் இருக்கக் கூடாது. அமெரிக்காவில் 570 பேரிடம் நால்ட்ரெக்சோனையும் புப்ரெனார்ஃபினையும் ஒப்பிட்டார்கள். நால்ட்ரெக்சோன் பக்கம் போனவர்களில் 28 சதவீதம் பேரால் தொடங்கவே முடியவில்லை. புப்ரெனார்ஃபின் பக்கம் அது 6 சதவீதம். தொடங்கியவர்களை மட்டும் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

நிலையாக இருக்கும் ஒருவனை 8 மி.கி.யிலிருந்து இறக்கி, பத்து நாள் வெறுமையில் நிறுத்தி, அப்புறம் நால்ட்ரெக்சோன் போடச் சொன்னால் நான் சம்மதிக்க மாட்டேன். அந்தப் பத்து நாளில் தாங்கும் சக்தி குறைந்திருக்கும். முன்பு எடுத்த அளவையே அப்போது எடுத்தால் மூச்சு நின்றுவிடும்.

"எத்தனை காலம்" என்று கேட்டீர்கள். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவரிடம் நாம் அப்படிக் கேட்பதில்லை. போதை என்பது தேடுவது, பொய் சொல்வது, ஏறுவது, இறங்குவது, மறுபடி தேடுவது. புப்ரெனார்ஃபின் ஓரளவுக்கு மேல் ஏறாது, நிலையாக நிற்கும். நிலையாக நிற்கிற மனிதன் வேலைக்குப் போகலாம், அக்காவுக்குச் சமைத்துப் போடலாம்.

---

சென்னை_செவிலி, 14 பிப்ரவரி

நான் அரசு மருத்துவமனையில் மாற்று மருந்து மையத்தில் வேலை பார்த்தவள். எங்களிடம் இம்ப்ளாண்டும் இல்லை, மாத ஊசியும் இல்லை. புப்ரெனார்ஃபின் மாத்திரையைப் பொடி செய்து நாங்களே நாக்குக்கு அடியில் போடுவோம், கரையும்வரை எதிரில் உட்கார வைப்போம். கரைந்ததும் "ஆ காட்டுங்க" என்று பார்த்துவிட்டுத்தான் அனுப்புவோம். தினமும்.

அவர்களில் பெயிண்டர்கள் உண்டு, மீன் மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர்கள் உண்டு. மையம் திறக்க ஒன்பது ஆகும். ஏழு மணிக்கு வேலைக்கு ஏறினால்தான் அன்றைய கூலி. மருந்தா கூலியா என்று தினமும் தேர்ந்தெடுத்தார்கள். வராமல் போனவர்கள் பலரும் மருந்து வேண்டாம் என்று போனவர்கள் இல்லை, வேலை கிடைத்ததால் போனவர்கள். மாதம் ஒரு ஊசி என்று நீங்கள் எழுதுவதைப் படிக்கும்போது எனக்கு அந்த முகங்கள்தான் வருகின்றன.

இங்கே தமிழ்நாட்டில் இருந்து படிப்பவர்கள் யாருக்காவது உதவி வேண்டுமென்றால் 14446 தேசிய இலவச எண். தயங்காமல் கூப்பிடுங்கள்.

---

சிங்கை_வாசகர், 14 பிப்ரவரி

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. சிங்கப்பூரில் 2002-இல் சுபுடெக்ஸ் என்ற புப்ரெனார்ஃபின் மாத்திரை சிகிச்சைக்கு வந்தது. கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ள ஆரம்பித்தார்கள், வெளியில் விற்றார்கள். 2006 ஆகஸ்டில் அரசு அதை முதல் வகுப்பு போதைப்பொருள் பட்டியலில் சேர்த்தது. அதோடு சிகிச்சையும் போயிற்று. எங்கள் தெருவில் அப்படி நடுவில் கைவிடப்பட்ட ஒருவரை எனக்குத் தெரியும். தோலுக்கு அடியில் இருக்கும் மருந்தை விற்கவும் முடியாது, கரைக்கவும் முடியாது. அந்தக் காலத்தில் இது இருந்திருந்தால் என்று நினைத்துக்கொள்கிறேன்.

---

மெல்பர்ன்_மருந்துக்கடை, 15 பிப்ரவரி

ஆஸ்திரேலியாவில் புவிடால் என்ற ஊசி (உங்கள் ஊர் பிரிக்ஸாடிதான்) 2019-லிருந்து அரசு மானியத்தில் கிடைக்கிறது. 2023 ஜூலையிலிருந்து மற்ற மருந்துகளைப் போலவே சாதாரணக் கட்டணம்தான். நியூ சவுத் வேல்ஸ் சிறைகளிலும் கொடுக்கிறார்கள். அதற்கு முன் என் கடையில் காலை எட்டு மணிக்கு மெத்தடோன் வரிசை நிற்கும். பக்கத்துக் கடைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள், வரிசையில் நிற்பவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். ஒரு அம்மா, ஐம்பது வயதிருக்கும், பதினோரு வருடம் தினமும் வந்தவர். ஊசிக்கு மாறிய பிறகு ஒரு நாள் சும்மா ஷாம்பு வாங்க வந்தார். "இன்றைக்கு நான் வெறும் வாடிக்கையாளர்" என்றார்.

நால்ட்ரெக்சோன் இம்ப்ளாண்ட் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் நாட்டில் பெர்த் பக்கம் பல வருடமாக வைக்கிறார்கள். ஆனால் முறையாகப் பதிவு செய்யப்பட்ட மருந்து அல்ல. காசு கட்டி வைத்துக்கொள்ளும் முன் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

---

காவிரிக்கரை, 18 பிப்ரவரி

எல்லாவற்றையும் தம்பிக்குப் படித்துக் காட்டினேன். நான்கு_குச்சி அண்ணன் எழுதியதை மட்டும் போனை வாங்கி அவனே மறுபடி படித்தான். ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம், "எனக்கும் அந்தக் குரல் வரும் அக்கா, உன்னிடம் சொன்னதில்லை" என்றான். 14 மாதமாக ஒரே வீட்டில் இருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை.

அவன் பயம் இரண்டு. ஊசி போட்டபின் பிடிக்கவில்லை என்றால் என்ன செய்வது? வயிற்றில் கட்டி தெரியுமா? கல்யாணத்தில் வேட்டிதான் கட்ட வேண்டும், சட்டை கிடையாது, துண்டுதான்.

---

நான்கு_குச்சி, 18 பிப்ரவரி

தம்பிக்கு: ஊசி தடிமன்தான், ஒரு நிமிடம் நன்றாக எரியும். ஐஸ் வைத்து மரக்க வைக்கச் சொல்லுங்கள். அப்புறம் புளியங்கொட்டை அளவு கட்டி, தொட்டால்தான் தெரியும். மாதம் போகப் போகக் கரையும். வேட்டியை முடியும் இடத்தில் போட வேண்டாம், பெல்ட்டும் உரசக் கூடாது. தொப்புளுக்கு மேலே போடச் சொல்லுங்கள். முதல் மாதம் கடைசி வாரத்தில் எனக்குக் கொஞ்சம் குறைவது போல இருந்தது. இரண்டாவது ஊசிக்குப் பிறகு அது இல்லை.

எழில்_எம்டி, 18 பிப்ரவரி

பிடிக்கவில்லை என்றால் முதல் 14 நாளுக்குள் அறுவை செய்து எடுக்க முடியும், ஆனால் அப்படி எடுக்க நேர்வது அபூர்வம். ஏற்கெனவே ஃபிலிமில் நிலையாக இருப்பவருக்கு மருந்து புதிதில்லை, வழிதான் புதிது. பயணத்தில் உங்கள் மருத்துவர் கடிதம் ஒன்று பர்ஸில் இருக்கட்டும். விபத்து, ஆபரேஷன் என்று ஏதாவது ஆனால் சாதாரண அளவு மார்ஃபின் அவருக்கு வலியை அடக்காது, அங்குள்ள டாக்டருக்கு அது தெரிய வேண்டும்.

---

காவிரிக்கரை, 29 மார்ச்

முதல் ஊசி போட்டாயிற்று. இன்ஷூரன்ஸ் ஒப்புதலுக்கே நான்கு வாரம் ஆனது. ஒரு முறை மறுத்தார்கள், கிளினிக்கில் இருக்கும் நர்ஸ் விடாமல் போன் செய்து வாங்கினார்.

அவன் ஃபிலிமைப் பூட்டி வைத்திருந்த சின்னப் பெட்டி சமையலறை அலமாரியில் காலியாக இருக்கிறது. மிச்சத்தைக் கிளினிக்கில் திருப்பிக் கொடுத்துவிட்டான். நான்தான் காலையில் பழக்கத்தில் "போட்டியா?" என்று கேட்டுவிடுகிறேன்.

---

தெளிவான_நீர், 30 மார்ச்

அம்மா, சந்தோஷம். நான் அன்று எழுதியதை யோசித்துப் பார்த்தேன். என் மகனுக்கு நடந்தது எல்லோருக்கும் நடக்கும் என்று நினைத்துவிட்டேன். ஒன்று மட்டும்: நலாக்சோன் ஸ்ப்ரே போன வருடத்திலிருந்து சீட்டு இல்லாமலே கடையில் கிடைக்கிறது. வீட்டில் ஒன்று, கைப்பையில் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். என் மகன் நான்கு வருடம் நன்றாக இருக்கிறான், என் காரில் இன்னும் இருக்கிறது.

---

காவிரிக்கரை (கும்பகோணம்), 24 ஜூன்

கடைசி ஊசி மே 28. அடுத்ததற்குக் கிளினிக்கில் ஜூலை 9-க்கு நேரம் வாங்கி வைத்திருக்கிறோம், சரியாக ஆறு வாரம்.

நேற்று திருக்கடையூரில் நடந்தது. அபிஷேகத்துக்குக் குடம் தூக்கியவர்களில் தம்பியும் ஒருவன். வெறும் உடம்போடு, ஈர வேட்டியோடு நின்றான். அத்தை ஒருத்தி வயிற்றைப் பார்த்து "என்னடா கொசு கடித்ததா" என்றாள், "ஆமாம் அத்தை" என்றான்.

இரவு மொட்டை மாடியில் அம்மாவிடம் அவனே எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். நான் கூட இல்லை. கீழே இறங்கி வந்த அம்மா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "ஜூலை ஒன்பதாம் தேதி டாக்டர் இருப்பாரா, போன் பண்ணிக் கேட்டாயா?"